முயலும் வாத்தும் ஓர் ஊசிமுனையும்

பொம்மைத் தையல் கூடத்தில் நாற்பது மெஷின்கள் உண்டு. அந்த நாற்பதிலும் உட்கார்ந்து தைப்பவர்களுக்கு மேலாளரைக் கண்டால்கூடப் பயம் கிடையாது. ஊசியம்மாவைக் கண்டால்தான் பயம். அவளுக்கு யாரையும் வேலையை விட்டு நிறுத்தும் அதிகாரம் இல்லை. கம்பிவலை போட்ட ஒரு ஜன்னலுக்குப் பின்னால், ஊசி அலமாரியின் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் அவற்றைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பாள். முழு ஊசியாகச் சேர்ந்தால் நோட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் புது ஊசி தருவாள். ஒரு துணுக்கு குறைந்தாலும் தர மாட்டாள். துணுக்கு கிடைக்கும்வரை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மையும், அந்த நேரத்தில் அந்த மேசைமேல் கிடந்த மற்றப் பொம்மைகளும் சிவப்புப் பெட்டிக்குப் போகும். சிவப்புப் பெட்டிக்குள் போனது வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. வெட்டி எரித்துவிடுவார்கள்.

"ஊசியம்மா, நுனி மட்டும்தான் போயிருக்கு. எள்ளளவுகூட இருக்காது" என்று யாராவது கெஞ்சுவார்கள்.

"அந்த எள்ளளவு உன் பிள்ளை வாயில போனா பரவாயில்லையா?" என்பாள்.

நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வாள். மெதுவாகப் பேசுகிற தொண்டை அவளுக்கு வாய்க்கவில்லை. பதினோரு வருடமாக இப்படித்தான். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய் மேசைக்கு அடியில் தவழ்வார்கள். முதுகுக்குப் பின்னால் தன்னை என்னென்ன சொல்கிறார்கள் என்பது அவளுக்கு வரிக்கு வரி தெரியும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள்.

அவளை அசைத்துப் பார்த்தது ஒரே ஒரு விஷயம்தான். தம்பி மனைவி மூன்று வருடமாக அவள் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை.

நடந்தது இதுதான். தம்பிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பார்க்கப் போன இடத்தில் வீடு நிறைய ஆட்கள். குழந்தையைச் சுற்றியிருந்த துணி அவிழாமல் இருக்க அதில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. ஊசியம்மாவின் கண்ணிலிருந்து அது தப்புமா? உருவி எடுத்தாள். எடுத்து மடியில் செருகிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். இவள் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, "பெத்தவ பண்ற வேலையா இது? பிள்ளையைக் கொல்லப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டாள். பெற்ற உடம்பு இன்னும் தேறாத அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு தம்பி மட்டும் போனில் பேசுவான். குழந்தையின் போட்டோ அனுப்புவான். அதற்குப் பல் முளைத்ததையும் அது நடை பழகியதையும் ஊசியம்மா போட்டோவில் பார்த்ததோடு சரி. அவளுக்கென்று பிள்ளை கிடையாது. ஊக்கு விஷயத்தில் தான் சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைத்தாள். ஆனால் சரியாகப் பேசியவள் ஒரு குழந்தையைக் கையில் தூக்காமல் மூன்று வருடம் இருக்க வேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி போன் பண்ணினான். வசந்த விடுமுறைக்கு ஐந்து நாள் வருகிறோம் என்றான். "நான் கூப்பிடலக்கா. அவளேதான் போலாம்னா" என்றான்.

ஊசியம்மாவின் கணவர் ரேடியோ, மிக்ஸி, மின்விசிறி என்று எது வந்தாலும் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "நல்ல விஷயம். அஞ்சு நாளும் நீ வாயைத் திறக்காதே. சாப்பிட மட்டும் திற, போதும்" என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று இருவருக்குமே தெரியும். இந்த ஐந்து நாள் நல்லபடியாகப் போனால் அவர்கள் மறுபடி வருவார்கள். கெட்டால் ஜென்மத்துக்கும் வர மாட்டார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்று ஆன பிறகு கையால்தான் ஏதாவது செய்ய வேண்டும். தையல் கூடத்தில் இரண்டு மாதமாக வசந்த விடுமுறைச் சரக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொம்மையை உள்வெளியாகப் புரட்டலாம். இப்படிப் பார்த்தால் சாம்பல்நிற முயல், புரட்டினால் மஞ்சள் வாத்துக்குஞ்சு. அந்தப் பொம்மைக்காக உடைந்த ஊசிகளை ஊசியம்மா நோட்டில் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கிறாள், பொம்மையைத் தைத்ததில்லை. அலமாரிச் சாவி கைக்கு வருவதற்கு முன்பு அவளும் மெஷினில் உட்கார்ந்தவள்தான். துணி வெட்டுகிறவரிடம் போய் அட்டை வடிவமும் மிச்சத் துணியும் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா தைக்கப் போறீங்க? ஊசி உடைஞ்சா யார்கிட்டப் போவீங்க?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊசியம்மாவும் சிரித்துவைத்தாள். துணி வேண்டுமே.

விடுமுறைக்குக் கூடம் பூட்டிய அன்று வீட்டில் தன் பழைய மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். புரட்டுப் பொம்மையைத் தைப்பது கேட்பதற்குத்தான் கஷ்டம். முயலின் தலை ஒரு தொப்பி, வாத்தின் தலை இன்னொரு தொப்பி. இரண்டையும் விளிம்போடு விளிம்பு வைத்து வட்டமாகத் தைத்து, நாலு விரல் அகலத்துக்குத் தைக்காமல் ஒரு வாய் விட வேண்டும். அந்த வாய் வழியாக மொத்தத்தையும் வெளியே இழுத்து, இரண்டு தோலுக்கும் நடுவே பஞ்சை அடைத்து, வாயைக் கையூசியால் மறைதையல் போட்டு மூட வேண்டும். பஞ்சை அளவாக வைக்க வேண்டும். ஆசைக்கு அடைத்தால் பொம்மை கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் புரளாது.

கஷ்டம் முயலின் காதில்தான். காது இரட்டைத் துணி, அதை மடித்து வைத்தால் நாலு, தலைத் துணியின் மடிப்போடு சேர்ந்தால் ஆறு. ரோமத் துணி வேறு. அந்த இடத்தில் தைக்கும்போது ஊசி 'டக்' என்றது. அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினாள், ஊசி இறங்கி ஏறியது. சரியாக அந்த நேரம் போன் அடித்தது. "பஸ் ஏறிட்டோம்க்கா" என்றான் தம்பி. பின்னால் ஒரு சின்னக் குரல், "அத்தை வீட்டுக்கா?" என்று யாரையோ கேட்டது. அந்தக் குரல் 'அத்தை' என்று சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. போனை வைத்தவள் அந்தக் குரலின் நினைப்பிலேயே திரும்ப வந்து உட்கார்ந்து மீதியைக் கடகடவென்று ஓட்டினாள். பஞ்சு அடைத்தாள், மூடினாள், நாலு தடவை புரட்டிப் பார்த்தாள். முயல் வாத்தானது, வாத்து முயலானது. மூக்கு கொஞ்சம் கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வந்து இறங்கினார்கள். குழந்தையை வீட்டில் சிட்டு என்று கூப்பிட்டார்கள். சிட்டு முதல் அரை மணி நேரம் அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் இருந்தாள். பொம்மையைப் பார்த்ததும் ஒரு கண் வெளியே வந்தது. ஊசியம்மா முயலைப் புரட்டி வாத்தாக்கிக் காட்டியதும் ஆளே வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளே புரட்டக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்த ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "முயல் போச்சு, வாத்து வந்துச்சு" என்று கணக்கில்லாமல் சொன்னாள். ரேடியோ ரிப்பேர் மாமா ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி வாயைப் பிளந்தார்.

தம்பி மனைவி மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. "அண்ணி, உக்காருங்க நான் பண்றேன்" என்பாள், "சாப்பிட்டீங்களா அண்ணி" என்பாள். ஆனால் அவள் பேச்சில் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஒரு சாத்திய கதவு இருந்தது. அவளுக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூட்டையிலிருந்து ஒரு கை விதையை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, களை விதை எது, சொத்தை எது என்று இடுக்கியால் பிரித்து எண்ணுவது. பேச்சில்லாத வேலை. அதனாலோ என்னவோ, பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக வந்தது. ஊசியம்மா, கணவர் சொன்ன சொல்லை மீறாமல் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிட்டு நாற்காலி மேல் ஏறியபோதும், சோப்பை நக்கியபோதும்கூட மூடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிய தவம்.

மூன்றாம் நாள் காலையில் தம்பி மனைவி தானாக அவளிடம் வந்தாள். சிட்டுவின் கால்சட்டை ஓரம் பிரிந்திருந்தது. "அண்ணி, இதைக் கொஞ்சம் தைச்சுத் தர்றீங்களா?" என்றாள். வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் உதவி அது. ஊசியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினைத் திறந்து, நூல் கோத்து, மெல்லிய பருத்தித் துணியை வைத்து ஓட்டினாள்.

தையல் விட்டு விட்டு விழுந்தது. நாலு தையல் விழுந்தால் ஐந்தாவதைக் காணோம். துணியில் இழை வேறு இழுத்துக்கொண்டது. அவள் நிறுத்தினாள். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். நுனி இல்லை. கூராக முடிய வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. உடைந்து போனது இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

அவளுக்கு அந்த 'டக்' அப்போதுதான் காதில் சரியாகக் கேட்டது. ரோமத் துணியில் தையல் விட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் மீதிப் பொம்மையும் ஒன்றும் நடக்காதது போல ஓடி முடிந்திருக்கிறது. தைத்து முடித்ததும் ஊசியைப் பார்க்க வேண்டும் என்பது கூடத்தில் முதல் பாடம். அந்தப் பாடத்தை நாற்பது பேருக்கு நடத்துகிறவள் பார்க்கவில்லை. ஊசியம்மா முன்னறைக்குப் போய்க் கணவரிடம் ஊசியை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இருவரும் சத்தம் போடாமல் மெஷினின் அடிமூடியைத் திறந்து பார்த்தார்கள், இல்லை. தரையைப் பார்த்தார்கள். அதை இரண்டு நாளாகப் பெருக்கித் துடைத்தாயிற்று, குப்பை வண்டியும் வந்து போயாயிற்று.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஒண்ணும் சொல்லாத. பொம்மையை எடுத்து ஒளிச்சு வச்சிடுவோம். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுவோம். குழந்தை ஒரு நாள் அழும், மறந்துடும்."

அவளுக்கும் அதுதான் தோன்றியது. பொய் சொல்லக் கூடாது என்றெல்லாம் அவள் அப்போது நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பி மனைவி என்ன கேட்பாள் என்பதைத்தான் நினைத்தாள். கேட்க வேண்டிய கேள்வியை இவளே மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறாளே. "சரி" என்று சொல்லிவிட்டுப் பொம்மையை எடுக்க வீட்டின் நடுக்கூடத்துக்குப் போனாள்.

சிட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பொம்மை முயலாக இருந்தது. அதன் இடது காது அவள் வாய்க்குள் இருந்தது.

அதற்குப்பிறகு ஊசியம்மா யோசித்ததாகச் சொல்ல முடியாது. ஒரே பாய்ச்சலில் போய்க் காதை வெளியே இழுத்தாள். குழந்தையின் தாடையைப் பிடித்துத் திறந்து, விரலை விட்டு நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் தடவினாள். சிட்டு வீறிட்டு அழுதாள். சமையலறையிலிருந்து தம்பி மனைவி ஓடிவந்தாள். குளித்துக்கொண்டிருந்த தம்பி துண்டோடு வந்தான். முன்னறையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி? என்ன பண்றீங்க?" தம்பி மனைவி குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் அந்த மூன்று வருடத்துக்கு முந்தைய முகமாகவே மாறியிருந்தது.

ஊசியம்மா உள்ளங்கையை விரித்தாள். மொட்டை ஊசி அதில் இருந்தது.

"நுனி உடைஞ்சிருக்கு. பொம்மை தைக்கும்போதுதான் உடைஞ்சிருக்கணும். நான் பாக்கல. நுனி பொம்மைக்குள்ள இருக்கலாம். வாயில ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல, நல்லாப் பாத்துட்டேன். நீயும் ஒரு தடவை பாரும்மா" என்றாள்.

தம்பி மனைவி குழந்தையின் வாயைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ஊசியைப் பார்த்தாள். ஊசியம்மா அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள், வேறு வழியும் இல்லை.

கேள்வி வரவில்லை. "வெள்ளை பெட்ஷீட் இருக்கா?" என்றாள் தம்பி மனைவி. "ஃபேனை நிறுத்துங்க. ஏங்க, நீங்க சட்டையைப் போட்டுக்கிட்டு சிட்டுவைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊஞ்சல்ல விடுங்க, நான் போன் பண்ற வரைக்கும் வராதீங்க."

தம்பி அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். தெருக்கோடிவரை அந்த அழுகை கேட்டது.

தரையில் வெள்ளை விரிப்பை விரித்தார்கள். ஊசியம்மா மறைதையலைப் பிரித்தாள். முதலில் காதடியைத் தடவிப் பார்த்தாள், தட்டுப்படவில்லை. இரண்டு நாளாக நூறு தடவை புரட்டியிருக்கிறாள் குழந்தை, நுனி எங்கே வேண்டுமானாலும் நகர்ந்திருக்கலாம். பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்தார்கள். ஊசியம்மா அதை ஒரே குவியலாகப் போட்டுக் கிளறப் போனாள்.

"அப்படி இல்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. விரிப்பின் நடுவே ஒரு கயிற்றை நீளமாகப் போட்டாள். "பாக்காதது வலது பக்கம். ஒரு சிட்டிகை எடுத்து, பிரிச்சுப் பாத்து, இடது பக்கம் போடணும். ரெண்டும் கலக்கவே கூடாது. கலந்தா முதல்ல இருந்து."

பதினோரு வருடத்தில் ஊசியம்மாவுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. இப்போது தம்பி மனைவி சொன்னபடி செய்தாள். கணவர் பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தைக் கொண்டுவந்தார். மெல்லிய காகிதத்தில் சுற்றிய காந்தத்தைப் பார்த்து முடித்த பஞ்சுக்கு மேல் அவர் ஒரு தடவை ஓட்டினார். எங்கிருந்தோ ஒரு குட்டித் திருகாணி மட்டும் வந்து ஒட்டியது. அது ஸ்பீக்கருடையது. அதைப் பார்த்ததும் அவர் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு எழுந்து போய்விட்டார்.

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பேச்சு இல்லை. வழக்கமாகப் பேச்சில்லாத இடத்தில் ஊசியம்மாவுக்கு மூச்சு முட்டும். அன்று முட்டவில்லை. எதிரே இருந்தவள் சிட்டிகை சிட்டிகையாகப் பிரிப்பதையும், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பதையும், அவசரமே படாததையும் கவனித்தாள். இவளைப் போய்க் கவனமில்லாதவள் என்று ஊர் கூட்டிச் சொன்னோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பஞ்சு தீர்ந்தது. இல்லை. பிறகு தோல். தம்பி மனைவி இடது காதின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, முன்னறைக் கடையின் இடுக்கியால் ஆறு மடிப்பையும் ஏடு ஏடாகப் பிரித்தாள். நாலாவது மடிப்பில் இடுக்கி நின்றது.

"அண்ணி" என்றாள்.

ரோமத்தின் வேரில், துணியோடு துணியாகக் குத்திக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தபோது ஓர் எள் அளவுக்குக்கூட இல்லை. ஊசியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி மனைவி சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். வந்த மூன்று நாளில் முதல் தடவையாக ஊசியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உடனே தம்பிக்குப் போன் போனது. அவன் வருவதற்குள் கணவர் டீ போட்டுவிட்டார். சிட்டு உள்ளே வந்ததும் உடல் வேறு காது வேறாகக் கிடந்த முயலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதோ தைச்சுடலாம் கண்ணு, ஒரே நிமிஷம்" என்று தம்பி மனைவி கையூசியில் சாம்பல்நிற நூலைக் கோத்தாள்.

ஊசியம்மாவுக்கும் டீ கொடுத்தார்கள். அவள் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கணவர் கடையிலிருந்த கடிகார ரிப்பேர் லென்ஸை வாங்கிக் கண்ணில் பொருத்தினாள். மொட்டை ஊசியையும் நுனியையும் தாளில் வைத்துச் சேர்த்தாள். இது யாரும் செய்யச் சொல்லாத வேலை. பழக்க தோஷம்.

சேரவில்லை. நுனியைத் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள். ஒரு பக்கம் பொருந்தியது. மறுபக்கம் சில்லுப் பெயர்ந்த மாதிரி ஓர் இடைவெளி இருந்தது. உப்புக்கல்லை உடைத்து அதையும் உடைத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

அதைப் பார்க்கக்கூடிய கண் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி காதை வைத்து முதல் தையலும் போட்டுவிட்டாள். மூன்று வருடம் கழித்துக் கிடைத்த சிரிப்பு. இதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னால், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள் மகராசி என்றுதான் நினைப்பார்கள். ஊசியம்மா லென்ஸைக் கழற்றினாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தைக்காதம்மா" என்றாள். "இன்னும் ஒரு சில்லு குறையுது."

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, போதும். கிடைச்சிடுச்சு இல்ல? அந்தச் சில்லு அன்னைக்கே கீழ விழுந்து குப்பையோட போயிருக்கும்."

"போயிருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"போயிருக்கலாம்னுதான் சொல்ல முடியுது. போயிடுச்சுன்னு சொல்ல முடியல."

"உனக்கு எப்பவுமே இதேதான். எதுவும் நல்லபடியா முடியக் கூடாது."

தம்பி மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துத் தாளுக்கு மேல் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். இடுக்கியால் நுனியை அவளும் ஒரு தடவை திருப்பி வைத்தாள்.

"ஆமா, சேரல" என்றாள்.

திரும்பி வந்து முயலின் தோல், வாத்தின் தோல், காதுகள், பஞ்சு எல்லாவற்றையும் விரிப்போடு சேர்த்துச் சுருட்டி மூட்டையாகக் கட்டினாள். "இதை இப்பவே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்று தம்பியிடம் நீட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டான். சிட்டு, "என் முயல், என் வாத்து" என்று மூட்டையின் பின்னாலேயே ஓடித் தரையில் விழுந்து புரண்டாள். யார் தூக்கினாலும் நிற்கவில்லை. ஊசியம்மா கையை நீட்டியபோது, "போ அத்தை, நீ வேணாம்" என்று தள்ளிவிட்டாள். அது அவளுக்கு ஊசி இறங்கின மாதிரி வலித்தது. குழந்தை சொல்வது நியாயம்தான் என்பதால் இன்னும் வலித்தது.

தம்பி திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தம்பியையும் கணவரையும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு நான் ஊக்கைத் தூக்கிக் காட்டிப் பேசினது தப்பு. ஊக்கைக் கழட்டினது தப்பில்ல. பேசினது தப்பு" என்றாள். தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "நான் பண்ணினதுக்கு இன்னைக்கு நீ அதே வார்த்தையை என்னைக் கேட்டிருக்கலாம். நீ கேக்கல."

அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்த சிட்டுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. தட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்குப் பதினெட்டுப் பேர் இருந்தாங்க அண்ணி."

"தெரியும்மா. அவங்களை எல்லாம் திரும்பக் கூட்ட முடியாது. இருக்கிற ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டேன்."

தம்பி தரையைப் பார்த்தான். ரேடியோ ரிப்பேர்க்காரர் மின்விசிறி ஓடாததை அப்போதுதான் கண்டவர் போலப் போய் அதைப் போட்டார். தம்பி மனைவி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"மூணு வருஷமா எனக்கு அந்த ஊக்கு மேல கோவம் இல்ல. அதை நான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். "அடுத்த தடவை வரும்போது நான் ஏதாவது தப்புப் பண்ணினா என்னைத் தனியா உள்ள கூப்பிட்டுத் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நாலு பேர் முன்னாடி வேணாம்."

ஊசியம்மா சரி என்று தலையாட்டினாள். திட்டுவதைப் பற்றித் தம்பி மனைவி சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அடுத்த தடவை வரும்போது என்று சொன்னாளே, அதை மட்டும்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.